தெய்வானையின் இருமல்

இருமினாள்.

சும்மா சொல்லக்கூடாது, நல்ல இருமல். தோளைக் குலுக்கி, கண்ணைச் செருகி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு. நாலாம் மாடி நடைவழியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போன் திரையில் தெரிந்த டாக்டரம்மாவைப் பார்த்து இருமினாள்.

எதிர் பிளாக்கில், அவள் போன் ஸ்பீக்கர் கேட்கும் தூரத்தில், நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். காய்ந்த துணிதான்.

தெய்வானைக்கு ஒரு நோவும் இல்லை. காலையில் மூன்று ரொட்டி சானாய் உள்ளே போனதை நானே பார்த்தேன்.

இருமல் பக்கத்து வீட்டு யாத்தியுடையது.

யாத்தி கடல் தாண்டி மேடானிலிருந்து வந்தவள். இங்கே செந்தூல் ஒட்டுக்கடையில் வாழைப்பழம் பொரித்து விற்றாள். ஊரடங்கில் கடை மூடியது. வேலை பெர்மிட்டும் முடிந்தது. பிறகு காய்ச்சல் வந்தது.

கிளினிக் பக்கத்துத் தெருவில்தான். ஆனால் அடுக்குமாடி வாசலில் போலீஸ் தடுப்பு. அங்கே முதல் கேள்வியே பாஸ்போர்ட்.

சுவரில் காது வைத்தே வயதானவள் தெய்வானை. எப்போது வறட்டு இருமல், எப்போது சளி, எந்த இடத்தில் மூச்சு இழுக்கிறது, எல்லாம் மனப்பாடம். தன்னுடையதாகவே ஒப்பித்தாள்.

ஒட்டுக் கேட்பதில் இவ்வளவு புண்ணியம் இருக்கும் என்று யார் கண்டது?

ஆக்சிஜன் பார்க்கும் கருவியை விரலில் போட்டுக் காட்டச் சொன்னார் டாக்டரம்மா.

அங்கேதான் வந்தது வினை. தெய்வானையின் விரல் உண்மையைச் சொல்லிவிடும்.

போனை மடியில் கவிழ்த்தாள். கையிலிருந்த இரண்டு தங்க வளையல்களையும் பிடித்து இழுத்தாள். கல்யாணத்தன்று ஏறியவை. இறங்க மறுத்தன. தோல் சிவந்து, ஒருவழியாக வந்தன.

பக்கத்துக் கதவின் கம்பிகளுக்கு நடுவே ஒரு கை நீண்டது.

வளையல்கள் அதில் ஏறின. விரலில் கருவி. போன் நிமிர்ந்தது.

யாத்தியின் கை முருங்கைக்காய். தூக்கியதும் வளையல் இரண்டும் கலகலவென்று முழங்கைக்கு ஓடின.



தெய்வானை அவசரமாக ஒன்று இருமினாள். அதே நேரம், கம்பிக்கு உள்ளேயும் ஒன்று.

"போன மாசம் எடை பாத்தப்ப முள்ளு எகிறிக் குதிச்சிச்சே," என்றார் டாக்டரம்மா. "அதுக்குள்ள இப்படி எளைச்சிட்டீங்களா தெய்வானைம்மா?"

"கவலை டாக்டர்."

 என் கையிலிருந்த துணி கையிலேயே இருந்தது.

"தொண்ணூத்தி மூணு காட்டுது. மருந்து இப்ப வரும். தொண்ணூறுக்குக் கீழ போனா, என்ன நேரமானாலும் என்னைக் கூப்பிடுங்க. நானே கார்ல வந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். கூடவே இருக்கேன். யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

பிறகு, மெதுவாக:

"நாளைக்கும் இதே கையைக் காட்டுங்க."

சாயங்காலம் ரொட்டி வாங்கக் கீழே இறங்கினேன். தடுப்பில் நின்ற போலீஸ்காரர் தெய்வானை பிளாக்கின் படியில் ஒரு காலை வைத்து மேலே பார்த்துக்கொண்டிருந்தார். நாலாம் மாடியில் இருமுவது யார் என்று என்னைக் கேட்டார்.

என்னையா கேட்பது! இந்த இரண்டு பிளாக்கிலும் எந்தச் சேதியும் என் வாயில் ஒரு ராத்திரி தங்கியது கிடையாது.

"தெய்வானைதான். வேற யாரு?"

மேலே இருமல் கேட்டது. அதை மூடிக்கொண்டு, பெரிதாக, இன்னொன்று.

அவர் காதைத் தீட்டினார்.

நான் முகக்கவசத்தைக் கொஞ்சம் இறக்கி, அவர் பக்கம் திரும்பி, என் பங்குக்கு ஒன்று இருமி வைத்தேன்.

படியில் வைத்த காலை எடுத்துக்கொண்டார்.