வேகவைத்த மண்

வினோதா வளர்த்த மரவட்டையின் கால்களுக்கிடையே வெள்ளைப் பொடிப்பூச்சிகள் அப்பியிருந்தன. அது இரண்டு நாளாகச் சுருண்டே கிடந்தது. ஓசூரில் ஒரு கம்பெனியில் தரம் பார்ப்பவள் அவள். குறையைக் கண்டால் விடமாட்டாள். ஈரத் தூரிகையால் பூச்சிகளைத் துடைத்தெடுத்தாள். புது இலைமண்ணை எந்த உயிரும் மிஞ்சாதபடி இட்லிச் சட்டியில் வேகவைத்து, ஆறியதும் மரவட்டையின் பெட்டியில் பரப்பினாள்.

மறுநாள் ஷிப்ட் முடிந்து வந்து லென்ஸ் வைத்துப் பார்த்தாள். மரவட்டை தெம்பாக ஊர்ந்தது.

"பூச்சியெல்லாம் போச்சா?" என்றான் கணவன் இளம்பரிதி.

"ஒண்ணுகூட இல்லைங்க. இதை மட்டும் பாருங்க."

மண்ணில் எள்ளளவு காலடிகள் ஒரு வரிசையும், அதில் பாதியளவில் இன்னொரு வரிசையும் பக்கம் பக்கமாகச் சென்றன. ஒவ்வொன்றிலும் ஐந்து விரல்கள். நடுவழியில் சின்னக் காலடிகள் நின்றுவிட்டன. பெரியவை மட்டும் முன்னைவிட ஆழமாகப் பதிந்தபடி மேலும் சென்றன.

இளம்பரிதி குனிந்து பார்த்தான்.

"கொழந்தைக்குக் கால் வலிச்சிருக்கும்," என்றான்.