ஐம்பத்தெட்டு கிலோ

“உங்க பேரு?” என்று நர்ஸ் தன் மனைவியிடம் மூன்றாவது முறையாகக் கேட்டதும் தையல்காரருக்குத் தலை கிறுகிறுத்தது.

அவர் மனைவிக்குப் புற்றுநோய். இன்றைக்கு ஆறாவது தடவையாக மருந்து ஏற்ற வந்திருக்கிறாள். போன தடவை வரை “வாங்கக்கா” என்று வாய் நிறையக் கூப்பிட்டுப் படுக்க வைத்த அதே நர்ஸ், இன்றைக்கு யாரோ எவரோ போலப் பெயர் கேட்கிறாள், பிறந்த தேதி கேட்கிறாள், மணிக்கட்டில் கட்டிய பட்டையோடு ஒத்துப் பார்க்கிறாள். இன்னொரு நர்ஸ் வந்து அத்தனையையும் முதலிலிருந்து ஆரம்பிக்கிறாள்.

மூலையில் கோட்டுப் போட்ட ஒரு அம்மாள் நின்று எல்லாவற்றையும் குறித்துக்கொண்டிருந்தாள்.

நோய் முற்றிவிட்டது, நம்மிடம் மறைக்கிறார்கள். தையல்காரர் அப்படித்தான் நினைத்தார்.

விசாரித்தால் கதை வேறு. பெரிய ஆஸ்பத்திரியும் இதைப் போன்ற அதன் நாலு கிளைகளும் சேர்ந்து தரச்சான்று கேட்டிருக்கின்றனவாம். எந்தக் கிளைக்குப் போனாலும் வைத்தியம் ஒரே மாதிரி நடக்கிறதா என்று பார்க்க அந்த அம்மாள் வந்திருக்கிறாளாம்.

நல்ல கூத்து! சான்றிதழ் அவர்களுக்கு, பரீட்சை நமக்கா?

அடுத்து எடை. தையல்காரர் முந்திக்கொண்டார்.

“அம்பத்தெட்டு. எப்பவும் அதானேம்மா, எழுதிக்க.”

“இனிமே சொன்னதை எழுதக் கூடாதுண்ணே. அக்கா, நீங்க ஏறி நில்லுங்க.”

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மனைவி செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள்.

நாற்பத்தாறு.

நர்ஸ் இயந்திரத்தைத் தட்டிப் பார்த்தாள். தானே ஒருமுறை ஏறி இறங்கினாள். பக்கத்து அறையிலிருந்து இன்னொன்றைத் தூக்கி வந்தார்கள். அதுவும் நாற்பத்தாறுதான் காட்டியது. கோட்டுக்கார அம்மாள் எழுதுவதை நிறுத்திவிட்டாள்.

ஏற்றுவதற்காகத் தயாராகத் தொங்கிக்கொண்டிருந்த மருந்துப் பையை அவசரமாகக் கழற்றினார்கள். டாக்டர் ஓடி வந்தார். இங்கிருந்து போகும் எடையை வைத்துத்தான் பெரிய ஆஸ்பத்திரியில் மருந்தைக் கலக்கிறார்கள், இந்த உடம்புக்குப் போன தடவைகளில் அளவுக்கு மீறி ஏறியிருக்கிறது என்றார். வாய்ப்புண், விரல் மரத்துப்போனது, நாலு நாள் கண் திறக்காமல் கிடந்தது எல்லாமே அதனால் இருக்கலாம். இன்றைக்கும் ஏற்றியிருந்தால் என்ன ஆகியிருக்குமோ என்றார்.

தையல்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டார். பாழாய்ப்போன நோய்தான் அவளைப் படுத்துகிறது என்றல்லவா இத்தனை நாளும் நினைத்திருந்தார்!

இதுவரை யார் எடை பார்த்தது என்று டாக்டர் கேட்டார். நர்ஸின் முகம் வெளுத்தது.

“தப்புதான் டாக்டர். அண்ணன் சொன்னதை நம்பி எழுதிட்டேன். அக்காவோட சட்டை கொஞ்சம் தொளதொளன்னு இருந்திருந்தாக்கூட எனக்குச் சந்தேகம் வந்திருக்கும்.”

மனைவி தன் சட்டையைக் குனிந்து பார்த்தாள்.

முதல் தடவை மருந்து ஏற்றிய பிறகு, கண்ணாடி முன்னால் நின்று, தொங்கிப்போன சட்டையைப் பிடித்துக்கொண்டு அவள் அழுதிருந்தாள். தையல்காரரால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. அதற்கப்புறம் எந்தச் சட்டையும் அவளுக்குத் தொங்கவில்லை. தேறிவிட்டேன் போலிருக்கிறது என்று அவள்கூட ஒருநாள் சிரித்தாள்.

இப்போது சட்டையின் ஓரத்தைத் திருப்பினாள். பக்கத் தையலுக்கு உள்ளே இன்னொரு தையல், அதற்கும் உள்ளே இன்னொன்று. மொத்தம் ஐந்து வரிசை. துணியை மட்டும் அவர் வெட்டவில்லை, உடம்பு தேறியதும் பிரித்துவிடலாம் என்று அப்படியே மடித்து விட்டிருந்தார்.

அவள் நிமிர்ந்து கணவனைப் பார்த்தாள்.

“எல்லாச் சட்டையுமா?”