நான்காவது பாட்டில்

காலையிலிருந்து அந்த ஆள் கடைக்கு வருவது இது நான்காவது முறை. மேற்பார்வையாளருக்கு ஒன்றுமே பிடிபடவில்லை. இத்தனை கவுண்டர் இருக்க, பால் பாட்டில் விற்கும் பெண்ணிடமே போய் நிற்கிறானே!

"இதையும் துப்பிட்டான்," என்றான் அவன்.

"இந்த நிப்பிள்ல ஓட்டை சின்னது சார், பால் மெதுவா வரும். குழந்தைக்கு அம்மாவுக்கும் இதுக்கும் வித்தியாசமே தெரியாது," என்று அவள் மனப்பாடமாக ஒப்பித்தாள். கண் கலங்கியிருந்தது.

விற்கிறவள் எதற்கு அழவேண்டும்? மேற்பார்வையாளருக்கு மண்டை காய்ந்தது. குறுக்கே புகுந்தார்.

"என்ன சார், பாட்டில் வாங்க வர்றீங்களா, இந்தப் பொண்ணைப் பார்க்க வர்றீங்களா?"

அவன் திருதிருவென்று விழித்தான். "ரெண்டுக்கும்தான் சார். இவ என் சம்சாரம். பிரசவ லீவு முடிஞ்சு இன்னைக்குத்தான் வேலைக்கு வந்திருக்கா. பையன் காலையிலேருந்து ஒரு வாய் குடிக்கல."

"அப்புறம் ஏம்மா இவரை சார்ங்கற?"

"வேலை நேரத்துல வீட்டு ஆளுங்களோட பேசக்கூடாதுன்னு நீங்கதானே சார் போர்டு மாட்டியிருக்கீங்க..."

மேற்பார்வையாளர் அவள் கையிலிருந்த நான்காவது பாட்டிலை வாங்கித் திரும்ப அலமாரியிலேயே வைத்தார்.

"வித்தியாசம் தெரியாதுன்னு இனிமே யார்கிட்டயும் சொல்லாதே. முதல்ல போய்ப் பால் கொடுத்துட்டு வா."