கண் திறக்கிற வேலை

“இது வேண்டாம் பாய். முகம் நீலமாத் தெரியுது.”

மாரிசெல்வி அந்த லேப்டாப்பையும் தள்ளி வைத்தாள்.

கடைக்காரர் பீர் மைதீன் அதைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். அவருக்கு நீலம் எதுவும் தெரியவில்லை. திரையில் வயதான ஒரு பெண்ணின் போட்டோ இருந்தது. மாநிறம். ஒற்றைக்கல் மூக்குத்தி. நெற்றியில் திருநீறு.

கண்கள் மூடியிருந்தன.

“பொண்ணு பாக்க வாரவங்ககூட இம்புட்டு நொட்டை சொல்ல மாட்டாங்கம்மா.”

அவள் சிரிக்கவில்லை. பென் டிரைவை உருவி அடுத்ததில் செருகினாள்.

சங்கரன்கோவிலில் காலையிலிருந்தே கரண்ட் இல்லை. மாதாந்திரப் பராமரிப்பு. சாயங்காலம்தான் வரும். அவள் டிசைன் செய்யும் பிளக்ஸ் கடையில் கம்ப்யூட்டர் செத்துக் கிடந்தது. இந்தக் கடையில் இன்வெர்ட்டரில் ஒரு விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

பேச்சியம்மாளுக்குக் கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ். மூன்று மணிக்கு உடலை எடுக்கிறார்கள். அவள் டிசைனை அனுப்பினால் ராஜபாளையத்தில் அச்சடித்துக் கொடுத்துவிடுவார்கள். அது வந்து சேர்ந்ததும் சவ வண்டியின் முன்னால் கட்டியாக வேண்டும்.

அதற்கு முன்னால் அந்தக் கண்களைத் திறந்தாக வேண்டும்.

“எடிட்டிங்குக்குன்னா இதை எடுங்க. ராம் பதினாறு, கிராபிக்ஸ் கார்டு தனி. வீடியோவே பண்ணலாம்.”

“ஸ்பீடு கெடக்கட்டும் பாய். நிறம் உள்ளபடி காட்டணும். கரண்ட் இல்லாம ஓடணும். அது போதும்.”

அதில் போட்டோ திறந்தது. கொஞ்சம் சாய்ந்து பார்த்தாள். மாநிறம் கறுத்துவிட்டது. நிமிர்ந்து பார்த்தாள். வெளுத்துவிட்டது.

“ஆளைப் பாத்து நிறத்தை மாத்துது. இதுல எப்படி வேலை பாக்கது?”

அடுத்தது பாதியிலேயே அணைந்துவிட்டது.

“பெட்டியைப் பிரிச்சு இப்பதானேம்மா எடுத்தோம். சார்ஜ் ஏறியிருக்காது.”

அவள் மேசையின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள். பீர் மைதீனுக்குப் பாவமாக இருந்தது.

“கண்ணு திறந்த போட்டோ ஒண்ணுகூடவா அந்த வீட்ல இல்ல?”

“பேச்சியம்மா எந்தப் போட்டோவுலயும் கண்ணை மூடிருவாவ. போனைத் தூக்கினாலே போதும். கல்யாணப் போட்டோவுலயும் அப்படித்தான்.”

“ஆதார் கார்டுல?”

“அதுல இருக்கது யாருன்னு அவுகளுக்கே தெரியாது.”

“என் கார்டுலயும் ஏதோ ஒரு திருடன்தான் இருக்கான்” என்று அவர் சிரித்தார். அவள் வாயோரத்திலும் ஒரு சிரிப்பு வந்து, உடனே போய்விட்டது.

“நம்ம துரைப்பாண்டி பிளக்ஸ் கடையில குடுக்கலாமே. ஜெனரேட்டர் வச்சிருக்கானே.”

“அவன்கிட்ட ஒரே ஒரு சோடிக் கண்ணுதான் பாய் இருக்கு. செத்தவங்க எல்லாருக்கும் அதையே வச்சு விடுதான். பஸ் ஸ்டாண்டு பக்கம் பாருங்க, ஆறுமுகச்சாமி அண்ணாச்சி பிளக்ஸ்ல பொம்பளைக் கண்ணோட முழிச்சிக்கிட்டு நிக்காவ.”

அவள் போன் அடித்தது. எடுத்ததும் ஒரு பெண் குரல் கடை முழுக்கக் கேட்டது.

“ஏட்டி, எங்கனட்டி இருக்க? எல்லாரும் உன்னையத்தான் தேடுதாவ!”

“வாரேன்” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

“பார்ட்டி ரொம்ப அவசரப்படுத்துதாங்களோ?”

அவள் கண்ணாடி அலமாரிக்குள் கைகாட்டினாள்.

“அதையும் எடுங்க.”

“அது விலை கூடம்மா.”

“எடுங்க பாய்.”

சாம்பல் நிறத்தில் தட்டையான ஒன்று. திறந்தார். நல்லவேளை, பாதிக்குமேல் சார்ஜ் இருந்தது. போட்டோ எழும்பி வந்தது. அவள் நேராகப் பார்த்தாள், சாய்ந்து பார்த்தாள், எட்டி நின்று பார்த்தாள். பிறகு கிட்டே வந்து, திரையிலிருந்த கன்னத்தைப் புறங்கையால் தொட்டாள்.

“இதுதான் நிறம்.”

பீர் மைதீன் பெருமூச்சு விட்டார். “அல்லா! ஒரு வழியா அமைஞ்சுது. சரி, கண்ணுக்கு என்ன செய்வ? வரைவியா?”

“வரைஞ்சா பொம்மை மாதிரி இருக்கும். சொந்தத்துல ஒருத்தர் கண்ணை எடுத்துத்தான் வைப்பேன். அண்ணனுக்குத் தம்பி கண்ணு. அப்பனுக்கு மகன் கண்ணு. அப்பதான் வீட்டு ஆளுக பாத்த உடனே நம்ம ஆளுதான்னு அழுவாங்க.”

“அப்ப இந்தம்மாவுக்கு யாரு கண்ணு?”

மாரிசெல்வி தன் போனில் கேமராவைத் திறந்து அவரிடம் நீட்டினாள். பிறகு கடை வாசலுக்குப் போய் நின்றாள். லேப்டாப் திரையைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் போட்டோவில் விழுந்த வெளிச்சத்தைப் போலவே வெயில் இடது பக்கமாக விழும்படி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“எடுங்க பாய். கண்ணு மட்டும் தெளிவா விழுந்தாப் போதும்.”

அவர் போனைத் தூக்கினார். தூக்கிய கை அப்படியே நின்றது.

“நீ... அவங்களுக்கு...”

“ஒரே மக.”

“என்னம்மா இது! அங்கன பக்கத்துல உக்காந்து அழ வேண்டிய பிள்ள, இங்கன வந்து...”

“சீக்கிரம் எடுங்க பாய்” என்றாள், இமைக்காமல். “வீங்கிட்டா அம்மாவுக்குப் பொருந்தாது. விடியக்காலத்துல இருந்து அழாம வச்சிருக்கேன்.”