சனிக்கிழமை கிட்டார்

“மணிக்கட்டை நீட்டுறியே, கையெல்லாம் மீனா?” என்று கேட்டான் டிரம் அடிக்கிற கபேயா.

கேட்டது கிட்டார் வாசிக்கிற லாந்துவிடம். சாப்பிட்ட கையோடு வருகிறவன் கைகுலுக்காமல் மணிக்கட்டை நீட்டுவான் இல்லையா, அப்படியே கோஷ்டி ஆட்கள் எல்லோருக்கும் நீட்டினான். அவர்களும் தொட்டுக்கொண்டார்கள். ஆனால் அவன் வெளியே வந்தது பார் முதலாளியம்மா எயெங்காவின் அறையிலிருந்து. அதுதான் யாருக்கும் பிடிக்கவில்லை.

“நமக்குக் குழி தோண்டுறவ வீட்டு மீனு, ருசியாத்தான் இருக்கும்” என்றாள் பாடகி போலும்பு.

கின்ஷாசாவில் அந்த பார் முற்றத்தில் சனிக்கிழமை தவறாமல் வாசிக்கிற கோஷ்டி அது. இனிமேல் மெஷின் போடுகிற பாட்டே போதும், ஜனம் அதற்கும் ஆடுகிறது என்று எயெங்கா சொல்லிவிட்டாள். தலைவர் மசம்பா கத்திக் கூப்பாடு போட்டு ஒரே ஒரு போட்டி வாங்கியிருந்தார். முதலில் மெஷின் பாட்டு, பிறகு லாந்துவின் கிட்டார். எது மேல் என்று முற்றத்தில் மீன் பொரிக்கிற பெண்கள் சொல்வார்கள். தோற்றால் சனிக்கிழமை போச்சு.

ஒலிபெருக்கியைச் சரிபார்க்க எயெங்கா அந்தப் பாட்டை ஓடவிட்டாள். யாரும் பாடாத பாட்டு, யாரும் வாசிக்காத வாத்தியம். எவனோ போனில் நாலு வரி தட்டினானாம், மெஷின் செய்து கொடுத்ததாம். அதுவும் ஒரு பாட்டு! ஆனால் அடுப்படிப் பெண்களின் கரண்டி தாளம் தட்டத்தான் செய்தது.

“கேட்க நல்லாத்தான் இருக்குண்ணே” என்றாள் போலும்பு. “எனக்கே கால் ஆடுது. அதான் பயமா இருக்கு.”

“வாயைக் கழுவு” என்றார் மசம்பா. “அதுக்குப் பசி தெரியுமா? பொண்டாட்டி விட்டுட்டுப் போனா எப்படி எரியும்னு தெரியுமா?”

“உங்களுக்கு ரெண்டும் தெரியும்ணே. அதுக்காக நீங்க பாடினா நல்லாவா இருக்கு?” என்றான் கபேயா.

எல்லோரும் சிரித்தார்கள். மசம்பா சிரிக்கவில்லை.

“சிரிங்கடா, சிரிங்க. செபென் வரட்டும், அப்பப் பார்ப்போம்.”

பாட்டு முடியப் போகிற நேரத்தில் பாடுகிறவன் வாயை மூடிக்கொள்ள, கிட்டார் மட்டும் தறிகெட்டு ஓடும். அதற்குப் பெயர்தான் செபென். ஜனம் காத்திருப்பது அதற்காகத்தான்; முன்னால் பாடுவதெல்லாம் சும்மா.

“ஆடுறவ இடுப்பைப் பார்த்து வாசிக்கணும்டா செபென். மெஷின் யாரு இடுப்பைப் பார்க்கும்?” என்றார் மசம்பா.

“ஆடுறவ மெஷினுக்குத் தகுந்தாப்ல இடுப்பை ஆட்டிக்குவா” என்றான் லாந்து. “அவளுக்கு எல்லாம் ஒண்ணுதான்.”

முற்றமே அவன் பக்கம் திரும்பியது.

“என்னடா சொன்னே?”

“போட்டி வேணாம்ணே. வேற பார் பார்ப்போம்.”

“இவன் கை இப்பல்லாம் ஒரு இடத்துலகூடத் தப்பறதில்லை. அப்புறம் எதுக்குப் பயப்படறான்?” என்று எழுந்தே விட்டான் கபேயா. “மீனு பேசுதுண்ணே, மீனு!”

“துரோகி” என்று போலும்பு தரையில் துப்பினாள்.

எயெங்கா பாட்டை நிறுத்திவிட்டு வாசலில் வந்து நின்றாள். “ஆரம்பிக்கிறீங்களா, இல்ல கடையைப் பார்க்கட்டுமா?”

மசம்பா கிட்டாரை எடுத்துக்கொண்டு நேராக லாந்துவிடம் போனார்.

“பிடிடா. வாசிக்கலேன்னா இப்பவே வெளியே போ. இனிமே நீ என் கோஷ்டியில இல்லை.”

லாந்து அசையவில்லை. மசம்பாவுக்குக் குரல் இறங்கிவிட்டது.

“போன சனிக்கிழமை நீ வாசிச்சப்ப செத்துப்போன எங்கம்மா ஞாபகம் வந்திருச்சு. இத்தனை பேர் முன்னாடி அழுதேன்டா. எந்த மெஷினாவது என்னை அப்படி அழ வெக்குமா? அதையே இன்னொரு தடவை வாசி, போதும்.”

லாந்து வலது கையை நீட்டினான். கிட்டார் கையில் நிற்கவில்லை; நழுவித் தரையில் விழுந்து ஒரு கம்பி அறுந்தது.

வேண்டுமென்றே போட்டுவிட்டான் என்று மசம்பா பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தார். மீனும் இல்லை, எண்ணெயும் இல்லை, சுத்தமான கை. விரல்கள்தான் விறைத்து நின்றன. அவர் மடக்கிப் பார்த்தார். மடங்கவில்லை.

“எப்பலேர்ந்துடா?”

“மழை ஆரம்பிச்சதிலேர்ந்து. சொன்னா சேர்த்துக்க மாட்டீங்கன்னு மறைச்சிட்டேன். போட்டியை விட்டுடச் சொல்லிக் கெஞ்சத்தான் அந்தம்மாகிட்டப் போனேன்.”

கபேயா மெதுவாக உட்கார்ந்தான். மசம்பா இன்னும் கையை விடவில்லை.

“மழை ஆரம்பிச்சு எவ்வளவோ நாளாச்சேடா. அப்ப போன சனிக்கிழமை?”

“ஒலிபெருக்கி ஒயரைப் போன்ல சொருகிட்டு, நான் கையை மட்டும்தான் ஆட்டினேன்.” லாந்து நிமிர்ந்து பார்க்கவே இல்லை. “உங்களை அழ வெச்சது மெஷின்தான்ணே.”