ஒழுகுகிற கார்

"நம்மட நல்லரத்தினம் கார் ஓட்டினா ரோட்டில புழுதி கிளம்பாது. தண்ணி தெளிச்சுத் தெளிச்சுத்தானே போறார்."

கதிர்காமத்தம்பி தன் தேத்தண்ணிக் கடையில் இதைச் சொன்னதும் ஆரையம்பதிச் சந்தியே சிரித்தது. மத்தியானத்துக்குள் அந்தக் கதை காத்தான்குடிச் சந்தை வரை போய்விட்டது.

தபால் கந்தோரில் வேலை பார்த்த நல்லரத்தினம் செய்த குற்றம் ஒன்றுதான். எந்நேரமும் சூடேறிக்கொண்டிருந்த தன் பழைய மொறிஸ் மைனரின் என்ஜினைத் தானே கழற்றி, ஹெட் கஸ்கட்டை மாற்றி, தானே பூட்டினார். ஒரு ஆணிகூட மிஞ்சவில்லை. ஆனால் களுதாவளைப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கப் புறப்பட்ட முதல் பயணத்திலேயே, பாதி வழியில் றேடியேற்றர் வற்றி, கார் ஆவி கக்கிக்கொண்டு நின்றுவிட்டது.

"கதிர்காமத்தம்பி என்னோட பள்ளிக்கூடத்தில ஒரே வாங்கில இருந்து படிச்சவன். மூடி மறைக்கிறத விட்டுப்போட்டு மேளம் அடிக்கிறான்" என்று வீட்டில் வந்து பொருமினார்.

"அவர்ட வாயப் பிறகு அடைக்கலாம். முதல்ல ஒழுக்க அடைங்க" என்றாள் மனைவி கண்ணகை.

எண்ணெய் பார்க்கும் கம்பியை இழுத்துப் பார்த்தார். எண்ணெய் பால் நிறமாக மாறவில்லை. புகைக் குழாயில் வெள்ளைப் புகையும் இல்லை. அப்படியென்றால் தண்ணீர் என்ஜினுக்குள் போகவில்லை. வெளியேதான் எங்கோ ஒழுகுகிறது. காருக்கு அடியில் பேப்பரை விரித்துப் பகல் முழுக்க விட்டுப் பார்த்தார். ஒரு சொட்டு விழவில்லை.

"நிண்டா ஒழுகுதில்ல. ஓடினா ஒழுகுது. இது என்ன நோய் எண்டு விளங்குதில்ல."

"அப்ப கொதிக்க விட்டுப் பாருங்களன். பச்சத் தண்ணியா இருக்கக்க சோத்துப் பானையும் பொங்காதுதானே."

என்ஜினை ஓடவிட்டுச் சூடாக்கினார். கண்ணகை தன் முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்துவந்து, கை எட்டாத இடங்களுக்கு அடியிலெல்லாம் பிடித்தாள்.

"இஞ்ச பாருங்க, கீழ்க் குழாய் தும்முது."

பார்த்தார். குழாயைப் பூட்டும்போது கிளிப்பைச் சரிவாக வைத்து, விளிம்போடு இறுக்கியிருக்கிறார். ஆறியிருக்கும்வரை அது பேசாமல் கிடக்கும்; சூடேறி உள்ளே அமுக்கம் கூடியதும் நூல்போலப் பீச்சும்.

என்ஜினை ஆறவிட்டு, குழாயை நன்றாக உள்ளே தள்ளி, கிளிப்பை நேராக வைத்து இறுக்கினார். காத்தான்குடி வரை ஓட்டிப்போய்த் திரும்பக் கிறுகி வந்தார். றேடியேற்றரில் ஊற்றிய தண்ணீர் ஊற்றியபடியே இருந்தது. அன்றைக்கு இரண்டு கரண்டி சோறு கூடுதலாகச் சாப்பிட்டார்.

அடுத்த நாள் காலை, காரைக் கொண்டுபோய்த் தேத்தண்ணிக் கடை வாசலில் நிறுத்தினார்.

"வாங்க, எல்லாரும் குனிஞ்சு பாருங்க. ஒரு சொட்டு இருந்தா நான் இனிக் கார் ஓட்டல்ல."

கதிர்காமத்தம்பி காரைப் பார்க்கவில்லை. நல்லரத்தினத்தின் தோளுக்கு மேலால் ரோட்டைப் பார்த்தார். சட்டென்று கோப்பை கழுவுகிற வாளியைத் தூக்கி, காரின் மூக்கில் சளாரென்று ஊற்றினார். தண்ணீர் என்ஜின் வழியே இறங்கிக் காருக்கு அடியில் குளமாகத் தேங்கியது. தேயிலைச் சக்கை முன் கம்பியெல்லாம் ஒட்டிக்கொண்டது. கடையில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"உனக்கென்ன பைத்தியமாடா?" நல்லரத்தினம் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பாய்ந்தார்.

அவருக்குப் பின்னால் மோட்டார் சைக்கிள் ஒன்று வந்து நின்றது. தோளில் தொங்கும் துவக்கோடு இரண்டு பேர் இறங்கினார்கள். எந்தப் பக்கம் என்று அந்தச் சண்டைக் காலத்தில் யாரும் கேட்பதில்லை. எல்லாப் பக்கத்துக்கும் வாகனம் தேவைப்பட்டது. போன மாதம் கதிர்காமத்தம்பியின் வேனை 'இரண்டு நாளில தாறம்' என்று கொண்டுபோனவர்களும் இவர்கள்தான். வேன் இன்னும் வரவில்லை.

"ஆர்ட கார்?"

"இவர்டதான்" என்றார் கதிர்காமத்தம்பி. "கொண்டுபோறதெண்டாக் கொண்டுபோங்க. ஆனா வாளியையும் எடுத்துக்கொண்டு போங்க. இப்பதான் வாளி நிறைய ஊத்தினன். பாருங்க, எல்லாம் கீழ."

இருவரும் குனிந்து அந்தக் குளத்தைப் பார்த்தார்கள்.

"காத்தான்குடியில சொன்னாங்களே, அந்த ஒழுகிற கார் இதுதானா?"

'என்ட காரில ஒரு பிழையும் இல்ல' என்ற வார்த்தை நல்லரத்தினத்தின் தொண்டை வரை வந்துவிட்டது. அதற்குள் கதிர்காமத்தம்பியின் குதிக்கால் அவர் கால் விரல்களை அழுத்தி மிதித்தது. வாயை மூடிக்கொண்டார்.

வந்தவர்கள் சிரித்துக்கொண்டே மோட்டார் சைக்கிளில் ஏறிப் போனார்கள்.

மோட்டார் சைக்கிளின் சத்தம் தேய்ந்து போனது. நல்லரத்தினம் ஒவ்வொன்றாகத் தேயிலைச் சக்கையைத் துடைத்தார்.

"ஒழுக்கு நேத்தே நிண்டிட்டு, மச்சான்" என்றார் மெதுவாக.

"தெரியும். நீ காத்தான்குடிக்குப் போய்க் கிறுகி வந்ததக் கண்டன். அதுதான், இதுவும் என்ட வேன் போன வழியில போகாம இருக்க இண்டைக்குக் கொஞ்சம் கூடக் கேலி பண்ணினன்."

கதிர்காமத்தம்பி சூடாக ஒரு தேத்தண்ணியை அவர் கையில் கொடுத்துவிட்டு, காதருகே குனிந்தார்.

"என்ட மகள் புஸ்பத்துக்கு இது பிள்ளை பிறக்கிற மாதம். அவள ஆஸ்பத்திரிக்கு ஏத்திப் போக நான் நம்பி இருக்கிறது உன்ட காரத்தான்."