ஒன்பது சுற்று

முயல் ஒரு தேங்காய்ச் சிரட்டையைக் காட்டில் ஒளித்து வைத்திருந்தது. கண்டுபிடிப்பவர் உள்ளே இருக்கும் இலையில் நகம் பதித்துவிட்டு, இருந்த இடத்திலேயே மூடி வைக்க வேண்டும். அதுதான் விளையாட்டு.

மூன்று நாளாகத் தேடிய ஆமை, பாறையடியில் அதைக் கண்டுகொண்டது. அந்த நேரம் பார்த்து மேலே மரக்கிளையில் ஒரு குரங்கு வந்து உட்கார்ந்தது. போன முறை சிரட்டையை ஆற்றில் வீசியது அதுதான்.

"என்ன தேடுறே?"

"சும்மா நடக்கிறேன்," என்ற ஆமை, நிற்காமல் பாறையைச் சுற்றியது. கால் வலித்தும் விடவில்லை. ஒன்பதாவது சுற்றில் குரங்கு சலித்துப்போய் வேறு மரத்துக்குத் தாவியது.

ஆமை நகம் பதித்து, பழைய சருகுகளாலேயே சிரட்டையை மூடியது.

திரும்பும் வழியில் கீரி ஓடி வந்தது. "கிடைச்சுதா? எங்கே இருக்கு?"

"கிடைச்சுது," என்றது ஆமை. "நீயும் தேடு. என் கால்தடத்தை மட்டும் பார்க்காதே."